254 என்பது எந்த எழுத்து?

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் மலையாளம் பேசும் வீட்டுக்குப் போய் "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம்" என்று கேட்டால் சொம்பில் தண்ணீர் வரும். அதையே கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போய் "வெள்ளம்" என்று சொன்னால், எந்த ஆத்துல என்று கேட்பார்கள். சொல் ஒன்றுதான். கேட்கிறவர் எந்த அகராதியை வைத்துக்கொண்டு கேட்கிறார் என்பதுதான் வேறு.

கம்ப்யூட்டரில் எழுத்து எப்படி இருக்கிறது, அது எப்படித் தாளுக்கு வருகிறது என்று யாராவது கேட்டால், நான் இந்த வெள்ளத்தில்தான் தொடங்குவது. என் டிடிபி கடைக்கு மாதத்துக்கு இரண்டு பேராவது பழைய சிடியோடு வருவார்கள். "அண்ணா, எங்கக்கா கல்யாணப் பத்திரிகை இது. இப்பத் திறந்தா எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டிக் கெடக்குது. வைரஸுங்களா?" வைரஸ் இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று சொல்ல, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்து காட்டினால்தான் சரிவரும். இப்போதைய மெஷின்கள் எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. பழையதில் எலும்பு வெளியே தெரியும்.

எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்தது. 1986-இல் துபாயில் இருந்து வந்த மாமா ஒரு சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கொண்டு வந்தார். பிரிட்டனில் 1982-இல் வெளியான வீட்டுக் கம்ப்யூட்டர் அது. ரப்பர் சாவிகள், 48 கேபி நினைவகம். டிவிதான் திரை. பாட்டு கேட்கும் டேப் ரெக்கார்டர்தான் சேமிக்கும் இடம். கரண்ட் போனால் அதுவரை அடித்ததெல்லாம் போச்சு. நம்மூர்க் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. இருப்பது எண்கள், அதுவும் 0 முதல் 255 வரை. அந்த அளவு எண் பிடிக்கும் ஓர் அறைக்குப் பைட் என்று பெயர். ஆங்கிலப் பெரிய 'ஏ'-வை அழுத்தினால் 65 என்ற எண் ஓர் அறையில் போய் உட்காரும். 'பி' என்றால் 66. இரண்டு சொல்லுக்கு நடுவே விடும் இடைவெளிக்குக்கூட 32 என்று ஓர் எண் உண்டு. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று பலரும் ஒத்துக்கொண்ட பட்டியல்தான் ஆஸ்கி. 1963-இல் அமெரிக்காவில் வந்தது.

சரி, 65 எப்படி 'ஏ' மாதிரித் தெரிகிறது? அதற்கு இன்னொரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படம். ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வொரு படமும் 8 வரிசை, 8 கட்டம். கட்டத்தில் புள்ளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரியேதான். நான் முதன்முதலில் வரைந்த தமிழ் எழுத்து 'ப'. சோம்பேறிக்கு ஏற்ற எழுத்து, எல்லாம் நேர்கோடு:

10000010
10000010
10000010
10000010
10000010
10000010
11111110
00000000

ஒவ்வொரு வரிசையையும் ஓர் எண்ணாகப் படிக்கலாம். இடது ஓரக் கட்டத்துக்கு மதிப்பு 128, அடுத்ததற்கு 64, பிறகு 32, 16, 8, 4, 2, 1. முதல் வரிசையில் 128-க்கும் 2-க்கும் புள்ளி இருக்கிறது, கூட்டினால் 130. ஏழாவது வரிசையில் கடைசிக் கட்டம் தவிர எல்லாவற்றிலும் புள்ளி, 254. ஆக, 'ப' என்பது 130, 130, 130, 130, 130, 130, 254, 0. எட்டே எண்கள். 'போக்' என்ற கட்டளையால் இந்த எட்டையும் நினைவகத்தில் அதற்குரிய இடத்தில் போட்டால், ஒரு சாவியை அழுத்தியதும் டிவியில் 'ப' வந்து நிற்கும். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. திரை முழுக்க 'ப'-வாக அடித்து வைத்திருந்ததைப் பார்த்து மாமா, "பப்படமாடா?" என்று கேட்டார்.

இந்தப் படப் பட்டியலுக்குத்தான் எழுத்துரு என்று பெயர். ஃபாண்ட் என்றால்தான் கடையில் புரியும். ஸ்பெக்ட்ரத்தின் ஆங்கில ஃபாண்டில் 96 படங்கள். படத்துக்கு 8 பைட் வீதம் 768 பைட். அது 15616-ஆம் அறையில் இருந்து தொடங்குகிறது. அந்த இடம் அழிக்க முடியாத நினைவகம், அங்கே நாம் கை வைக்க முடியாது. ஆனால் அந்த மெஷின் ஒவ்வோர் எழுத்தைக் காட்டும்போதும், "படப் பட்டியல் எங்கே?" என்று 23606, 23607 ஆகிய இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டுத்தான் போகும். அங்கே வேறு விலாசத்தை எழுதிவிட்டால், வேறு பட்டியலுக்குப் போய்விடும். அதுதான் வழி. நாமே 768 பைட்டுக்கு ஒரு தமிழ்ப் பட்டியல் செய்து, விலாசத்தை மாற்றிவிடலாம். (பட்டியலின் உண்மையான விலாசத்தைவிட 256 குறைத்து எழுத வேண்டும். முதல் 32 எண்களுக்குப் படம் கிடையாது, அந்த 32-ஐ எட்டால் பெருக்கினால் 256. இது தெரியாமல் இரண்டு நாள் போனது.)

96 படத்துக்குள் தமிழ் அடங்குமா? 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18. கு, கூ வரிசைகளில் ஒவ்வொன்றும் தனி வடிவம் என்பதால் அதற்கு 36. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, மேல் விசிறி இரண்டு, புள்ளி: இவை 7. டி, டீ இரண்டும் தனி உருவம். மொத்தம் 76. மீதி 20. அதில் இலக்கம் 10, இடைவெளி, முற்றுப்புள்ளி, காற்புள்ளி போனால் 7 மிச்சம். ஜ, ஷ, ஸ, ஹ வைத்துக்கொண்டோம். அது இல்லாமல் எங்கள் ஊரில் பாதிப் பேரின் பெயரை எழுத முடியாது.

இப்படி அடங்கியதற்கு 1978-ஆம் ஆண்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அந்த அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்கு முன்பு ணா, றா, னா மூன்றும், ணை, லை, ளை, னை நான்கும் வளைந்த தனி வடிவங்கள். அவையும் இருந்திருந்தால் மிச்சமிருந்த ஏழும் அங்கேயே தீர்ந்திருக்கும். மலையாளத்துக்கு இந்தச் சீர்திருத்தம் இன்னும் முன்பே, 1971-இல் வந்துவிட்டது. அவர்கள் உகர, ஊகாரக் குறிகளை எழுத்தில் இருந்து பிரித்துத் தனியே நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்த 36-இன் தொல்லை அவர்களுக்கு இல்லை. கூட்டெழுத்துகளின் தொல்லை உண்டு. அது வேறு பாடு.

புள்ளி மட்டும் படுத்தியது. 'ப'-வின் கால்கள் உச்சி வரைக்கும் நீண்டிருந்தால் அதன் தலையில் புள்ளி வைக்க இடம் ஏது? எல்லா எழுத்தையும் இரண்டு வரிசை குட்டையாக்கினோம். எழுத்தை அடித்து, ஒரு கட்டம் பின்னால் வந்து, அதன் மேலேயே புள்ளியை அடிக்கச் சொல்ல அந்த மெஷினுக்குக் கட்டளை எழுதும் பேசிக் மொழியில் ஒரு வழி இருந்தது. 'ஞ' கடைசி வரைக்கும் 'ஞ' மாதிரி வரவில்லை. எட்டுக் கட்டத்துக்குள் அதைச் சுழிப்பது நடக்கிற காரியமில்லை.

இனி வேர்டு ப்ராசசர். பெயர் பெரிதாக இருந்தாலும் அது செய்கிற வேலை எளிது. ஒரு நீளமான அறை வரிசையில் எண்களை வைத்துக்கொண்டு, நாம் சொல்வதற்கு ஏற்ப அவற்றை நகர்த்தும். நடுவில் ஒரு சொல்லைச் செருகினால் பின்னால் உள்ள அத்தனை எண்களையும் தள்ளிவைக்கும். அழித்தால் முன்னே இழுக்கும். வரி நிறைந்ததும் பின்னோக்கி வந்து, கடைசியாக எங்கே 32 இருக்கிறது என்று தேடி, அந்த இடத்தில் வரியை மடிக்கும். வலது ஓரம் நேராக வர வேண்டுமா? நடுநடுவே இன்னும் சில 32-களைத் திணிக்கும். டைப்ரைட்டரில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போனால் பக்கம் முழுவதையும் மறுபடி அடித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஸ்பெக்ட்ரத்தில் இதற்கு டாஸ்வேர்டு என்ற மென்பொருள் இருந்தது. சாதாரணமாக அந்தத் திரையில் வரிக்கு 32 எழுத்துதான். டாஸ்வேர்டு எழுத்தின் அகலத்தை 4 கட்டமாகக் குறுக்கி 64 எழுத்தைக் காட்டியது. ஆங்கிலத்துக்கு அது போதும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கலாம். தமிழை நாலு கட்டத்தில் எழுதுவது என்பது... 'ணூ'-வை நினைத்துப் பாருங்கள். அதனால் மாமாவின் ஆங்கிலக் கடிதங்களுக்கு டாஸ்வேர்டு, தமிழுக்கு நாங்களே எழுதிய சின்ன நிரல் என்று வைத்துக்கொண்டோம்.

மாமா லண்டனில் இருந்த நண்பருக்கு ஒரு கடிதம் அடித்தார். திரையில் 20-க்கு முன்னால் பவுண்டு குறி அழகாக இருந்தது. தாளில் அந்த இடத்தில் ஒரு சாய்ந்த மேற்கோள் குறிதான் வந்தது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை. ஸ்பெக்ட்ரத்தின் பட்டியலில் 96 என்றால் பவுண்டு. பிரிண்டரின் பட்டியலில் 96 என்றால் அந்தச் சாய்ந்த குறி. அன்றைக்குக் கம்ப்யூட்டர் பிரிண்டருக்குப் படத்தை அனுப்பவில்லை, எண்ணைத்தான் அனுப்பியது. பிரிண்டர் தனக்குள்ளே வேறு ஒரு ஃபாண்டை வைத்துக்கொண்டு, தன் அகராதிப்படி அச்சடித்தது. அங்கே வெள்ளம், இங்கே தண்ணீர்.

அப்படியானால் தமிழை அச்சடிப்பது எப்படி? நாம் திரைக்கு எவ்வளவு அழகாகத் தமிழ்ப் பட்டியல் செய்தாலும் பிரிண்டருக்கு அது தெரியாது. அதற்கு எழுத்தாக அனுப்பாமல் கோலமாக அனுப்ப வேண்டும். எங்களிடம் இருந்தது 9 ஊசி எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அச்சுத் தலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது ஊசிகள். தலை இடமிருந்து வலமாக ஓடும்போது, வேண்டிய ஊசி வேண்டிய நேரத்தில் ரிப்பனைக் குத்தும். குத்திய இடத்தில் தாளில் ஒரு புள்ளி. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு.

இந்த பிரிண்டர்களுக்கு 27 என்பது மந்திர எண். 27 வந்தால், "அடுத்து வருவது எழுத்து இல்லை, கட்டளை" என்று பொருள். 27, 69 அனுப்பினால் தடித்த எழுத்து. 27, 64 அனுப்பினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். 27, 75 அனுப்பி, அதன்பின் எத்தனை செங்குத்துப் பத்தி என்பதை இரண்டு எண்ணில் சொன்னால், பிறகு வரும் ஒவ்வோர் எண்ணும் ஊசிகளுக்கான ஆணை. மேல் ஊசிக்கு 128, அடுத்ததற்கு 64, இப்படியே எட்டாவது ஊசிக்கு 1. ஒன்பதாவது ஊசி இந்த ஆட்டத்தில் இல்லை.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. திரை எழுத்தைப் படுக்கை வரிசையாக அடுக்குகிறது. பிரிண்டரோ செங்குத்துப் பத்தியாகப் படிக்கிறது. ஆகவே அதே நெட்டைக்கால் 'ப'-வைப் பக்கவாட்டில் திருப்பி எழுத வேண்டும். முதல் பத்தியில் மேலிருந்து ஏழு புள்ளி, 254. அடுத்த ஐந்து பத்தியில் ஏழாவது புள்ளி மட்டும், அதாவது 2. பிறகு மறுபடி 254, கடைசியில் வெற்றிடம். பிரிண்டருக்கான 'ப' இதுதான்: 254, 2, 2, 2, 2, 2, 254, 0. தாளில் இது அங்குலத்துக்கு 60 பத்தி என்ற கணக்கில் விழும். உயரத்தில் 72, அகலத்தில் 60 என்பதால் எழுத்து கொஞ்சம் அகலித்துத்தான் வரும். தமிழுக்கு அது அழகாகவே இருந்தது.

அழகு பிறகு வந்தது. முதல் தடவை அனுப்பியபோது தாளில் ஏதோ அரிசி சிதறின மாதிரிப் புள்ளிகள், அதன்பின் சம்பந்தமில்லாத குறிகள். எட்டு எண்களையும் பத்துத் தடவை சரிபார்த்தேன். கணக்கு சரி. கடைசியில் மாமாதான் கண்டுபிடித்தார். ஸ்பெக்ட்ரத்தின் பேசிக்கில் 165-க்கு மேற்பட்ட எண் ஒவ்வொன்றும் ஒரு முழுக் கட்டளைச் சொல்லைக் குறிக்கும். நினைவகத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. 254-க்கு 'ரிட்டர்ன்' என்ற சொல். அச்சுக்கு 254 என்று அனுப்பியதும் அது அந்தச் சொல்லின் ஆறு ஆங்கில எழுத்துகளாகவும் விரிந்து பிரிண்டருக்குப் போயிருக்கிறது. பிரிண்டர் அந்த ஆறையும் ஊசிக்கான ஆணை என்று நினைத்துக் குத்தியிருக்கிறது. நடுவில் இருந்த இணைப்புப் பெட்டியில் அந்த விரிவை நிறுத்திய பிறகுதான் 'ப' விழுந்தது.

அந்த ஒரே 254-ஐப் பாருங்கள். திரைக்கு அது 'ப'-வின் அடிக்கோடு. பிரிண்டருக்கு 'ப'-வின் கால். பேசிக்குக்கு ஓர் ஆங்கிலச் சொல். மூன்று பேரும் தங்கள் தங்கள் பட்டியலைப் பார்த்துச் சரியாகத்தான் படித்தார்கள்.

அப்புறம் 'ஞ'-வுக்காக ஒவ்வோர் எழுத்தையும் 16 புள்ளி உயரத்தில் வரைந்தோம். தலை முதல் ஓட்டத்தில் மேல்பாதி, இரண்டாம் ஓட்டத்தில் கீழ்பாதி. வந்ததோ கழுத்தறுந்த தமிழ். பிரிண்டர் வழக்கமாக வரிக்கு 72-இல் 12 பங்கு தாளை நகர்த்தும், நம் பட்டையோ 8 பங்குதான். மீதி 4 பங்கு வெள்ளையாக நின்றுவிட்டது. 27, 65, 8 என்று அனுப்பி நகர்வை 8 ஆக்கியதும் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டன. இந்த முறையில்தான் கோவில் நோன்பு நோட்டீஸ் ஒன்றை அடித்தோம். ரிப்பனைக் கழற்றிவிட்டு ஸ்டென்சில் தாளைக் கொடுத்தால் ஊசிகள் மெழுகைக் குத்திவிடும். அதை சைக்ளோஸ்டைல் மெஷினில் ஏற்றி 300 பிரதி உருட்டினோம். 'ஓ' எழுத்தின் வயிறு அங்கங்கே கிழிந்துபோனது. யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு பிசி வந்தது, வேர்டுஸ்டார் என்ற வேர்டு ப்ராசசர் வந்தது. அதைப் பற்றி இங்கே நீட்ட வேண்டாம், அடிப்படை அதே கதைதான். ஃபாண்டில்தான் பெரிய மாற்றம். 1992-இல் விண்டோஸ் 3.1-ஓடு ட்ரூடைப் ஃபாண்டுகள் வந்தன. இவற்றில் எழுத்து புள்ளிக் கோலமாக இருக்காது. வளைவுகளின் கணக்காக இருக்கும். எந்த அளவு கேட்டாலும் அந்தக் கணக்கில் இருந்து அப்போதைக்கு அப்போது புள்ளி போட்டுக்கொள்ளும். திரைக்கும் தாளுக்கும் ஒரே ஃபாண்ட். 'ஞ' முதன்முறையாக 'ஞ' மாதிரியே வந்தது.

ஆனால் எந்த எண்ணில் எந்தத் தமிழ் எழுத்து என்பதில் ஆளுக்கொரு பட்டியல். பாமினி என்ற ஃபாண்டில் 'அம்மா' என்று வர வேண்டுமானால் ஆங்கிலச் சிறிய எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து சாவி அடிக்க வேண்டும். ஃபைலில் இருப்பது அந்த ஐந்து ஆங்கில எழுத்தின் எண்கள்தான். பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத கம்ப்யூட்டரில் எம்கே அரைப்புள்ளி கேஎச். அக்காவின் கல்யாணப் பத்திரிகைக்கு நேர்ந்தது இவ்வளவுதான். எந்த ஃபாண்டில் அடித்தது என்று கண்டுபிடித்து அதை நிறுவினால் மாப்பிள்ளை, பெண், முகூர்த்த நேரம் எல்லாம் அப்படியே திரும்பி வரும். அதனால்தான் என் கடையில் பழைய ஃபாண்டுகளை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு மொழிப் பத்திரிகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்ப் பத்தியைத் தவறுதலாக மலையாள ஃபாண்டுக்கு மாற்றிவிட்டால் எழுத்தெல்லாம் மலையாளமாகத்தான் தெரியும், ஆனால் எந்த மலையாளியாலும் படிக்க முடியாது.

இதற்கு வேறு விதமாக யோசித்தவர்களும் இருந்தார்கள். இஸ்கி என்ற இந்தியத் தர நிர்ணயம் 1991-இல் வந்தது. அதில் பெரும்பாலான இந்திய மொழிகளுக்கும் ஒரே பட்டியல். 'க' என்ற ஒலிக்கு 179. தமிழ் என்று சொன்னால் அதுவே தமிழ்க் 'க', மலையாளம் என்று சொன்னால் மலையாளக் 'க', தெலுங்கு என்றால் தெலுங்குக் 'க'. எல்லையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கடைகளில் அது நிலைக்கவில்லை.

இப்போது இருப்பது யூனிகோடு. 255 என்ற எல்லையை உடைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனித்தனி எண்கள் கொடுத்தார்கள். தமிழ்க் 'க' 2965. மலையாளக் 'க' 3349. இனி ஒன்றை மற்றொன்றாகப் படிக்க வழியில்லை. ஆனால் இந்திய மொழிகளை இஸ்கியின் வரிசையிலேயே அடுக்கியதால் பழைய உறவு விட்டுப்போகவில்லை. இரண்டு எண்ணையும் கழித்துப் பாருங்கள், 384. 'ம' தமிழில் 2990, மலையாளத்தில் 3374. அங்கும் 384.

போன வாரம் ஒரு பத்திரிகைக்காக இதைச் சோதித்துப் பார்த்தேன். 'அம்மா' என்று தமிழில் அடித்து, எழுத்துக்கு எழுத்து 384 கூட்டினேன். அத்தனையும் மலையாளமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த மலையாளம் அடிக்கும் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசிக் காலை எடுத்துடுங்க அண்ணா, எங்களுக்கு அம்ம தான்" என்றாள். அந்த ஒரு எண்ணை மட்டும் கையால் அழித்தேன்.